வாழைப்பழத்தில் வெண்ணிற இழைகள்

உயிரியல் நூலில் டி.என்.ஏ. மூலக்கூற்றின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கிய நூலேணி போல இருக்கும். உயிர்த் தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தில் பல வேலைகள் அதைச் செல்லிலிருந்து பிரித்தெடுப்பதில்தான் தொடங்குகின்றன. அந்த முதல் படியை ஆசிரியர் முன்னிலையில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

தேவையானவை: நன்கு பழுத்த வாழைப்பழம் பாதி, தண்ணீர் 100 மி.லி., பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 2 தேக்கரண்டி, சமையல் உப்பு அரைத் தேக்கரண்டி, மெல்லிய துணி, 2 சோதனைக் குழாய்கள், பனிக்கட்டியில் வைத்துக் குளிரச் செய்த எத்தில் ஆல்ககால். ஆல்ககால் எளிதில் தீப்பற்றும்; அருகில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.

செய்முறை: உப்பையும் சோப்பையும் தண்ணீரில் நுரை எழாமல் கலக்குங்கள். இக்கரைசலில் சிறிதளவைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியில் பழத்தை மசித்துக் கலந்து, 10 நிமிடம் கழித்துத் துணியில் வடிகட்டுங்கள். முதல் குழாயில் கால் பாகம் வடிநீரையும், இரண்டாம் குழாயில் அதே அளவு வெறும் கரைசலையும் எடுங்கள். குழாய்களைச் சாய்த்துப் பிடித்து, உட்சுவர் வழியே அதே அளவு ஆல்ககாலை மெதுவாக விடுங்கள். அது மேலே தனி அடுக்காக நிற்கும். சில நிமிடங்களில் முதல் குழாயில், இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் வெண்ணிற இழைகள் தோன்றும்.

என்ன நடந்தது? மசித்தபோது செல் சுவர்கள் சிதைந்தன. செல்லையும் உட்கருவையும் மூடியுள்ள சவ்வுகளில் கொழுப்புப் பொருள் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவது போலவே சோப்பு அதையும் அகற்றுகிறது. டி.என்.ஏ. எதிர் மின்னூட்டம் உடையது. ஓரின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று இயற்பியலில் படித்தீர்களே! உப்பிலுள்ள சோடியம் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணிக்கின்றன. ஆல்ககாலில் டி.என்.ஏ. கரையாது, ஆகவே திரண்டு வெளிப்படுகிறது. ஒரு மூலக்கூற்றின் தடிமன் 2 நானோமீட்டர்தான். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். தனி மூலக்கூற்றைக் கண்ணால் காண இயலாது. எண்ணற்றவை சேர்ந்தால்தான் இழை தெரியும்.

இப்போது முக்கியமான கேள்வி. நீங்கள் கண்டது டி.என்.ஏ. தானா? இரண்டாம் குழாயில் இழைகள் இல்லையென்றால், அவை பழத்திலிருந்து வந்தவை என்று துணிந்து சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல முடியாது. பழத்திலுள்ள பெக்டினும் ஆல்ககாலில் கரையாது, புரதமும் கலந்திருக்கும்.

1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃபிரீட்ரிக் மீஷர் இத்தகைய ஐயத்தை எதிர்கொண்டார். மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் படிந்த சீழிலிருந்த செல்களின் உட்கருவிலிருந்து அவர் ஒரு பொருளைப் பிரித்தார். புரதமோ என்று சோதித்தார். புரதத்தைச் செரிக்கும் பெப்சின் அதைச் செரிக்கவில்லை. அதில் பாஸ்பரஸும் மிகுந்திருந்தது. எனவே அதைப் புதிய பொருள் என்று முடிவு செய்து ‘நியூக்ளின்’ எனப் பெயரிட்டார். இன்று நாம் டி.என்.ஏ. என்பது அதில்தான் இருந்தது.

ஆகவே உங்கள் ஆய்வேட்டில், “ஆல்ககாலில் கரையாத வெண்ணிற இழைகள் கிடைத்தன, பழம் சேர்க்காத குழாயில் கிடைக்கவில்லை” என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். டி.என்.ஏ.வை மட்டும் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. இழைகளை நீரில் கரைத்து அதைச் சேர்த்த பிறகு, மீண்டும் ஆல்ககால் விட்டால் என்ன காண்பீர்கள்? இழைகள் முழுவதும் டி.என்.ஏ.வாக இருந்தால் என்ன ஆகும்? பாதி பெக்டினாக இருந்தால் என்ன ஆகும்? சிந்தித்து, விடையையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.