ராஜா காசு வாங்கலாமா?

கேள்வி: திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் விவசாயம் செய்கிறேன். எங்கள் ஆயா விட்டுச்சென்ற சுருக்குப் பையில் 18 வெள்ளி ரூபாய்க் காசுகள் இருக்கின்றன. அவர் லேகியம் கிளறும்போது மூன்று காசைத் தராசுத் தட்டில் வைத்து, மறு தட்டில் ‘ஒரு பலம்’ சுக்கு நிறுப்பார். சென்ற பௌர்ணமிக்குக் கிரிவலம் போனபோது, பாதையோரம் துணி விரித்துப் பழைய காசு விற்ற ஒருவர், “வெள்ளி ஏறிக்கிட்டே போவுது, ராஜா காசு வாங்கிப் போட்டு வைங்க. ஒண்ணு 2,800 ரூபா, 50 காசு தரேன்” என்றார். அன்று நகைக்கடையில் வெள்ளி கிராம் 200 ரூபாய் சொன்னார்கள். மல்லாட்டை விற்ற பணம் 1,40,000 கையில் இருக்கிறது. வாங்கலாமா? ஆயாவின் காசுகளை என்ன செய்வது?
— ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: வாங்க வேண்டாம். ஆயாவின் காசுகளை விற்கவும் அவசரப்பட வேண்டாம்.

உங்கள் ஆயாவின் கணக்கிலிருந்தே தொடங்கலாம். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நாடு முழுமைக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தபோது அதன் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். ‘ஒரு ரூபாய் எடை’ என்று நாட்டு வைத்தியத்தில் சொல்வது இதைத்தான். மூன்று ரூபாய் எடை ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர். அந்த ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. ஒரு காசில் இருக்கும் சுத்த வெள்ளி 10.69 கிராம். விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைகள் மாறினாலும் 1939 வரை இந்த மாற்று மாறவில்லை.

கிராம் 200 ரூபாய் என்றால் அந்தக் காசின் உலோக மதிப்பு 2,138 ரூபாய். அவர் கேட்பது 2,800. ஐம்பது காசுக்கு நீங்கள் 1,40,000 கொடுத்தால், கைக்கு வரும் வெள்ளியின் மதிப்பு 1,06,900 தான். துணியிலிருந்து உங்கள் பைக்குக் காசு வருவதற்குள் 33,100 ரூபாய் போய்விடுகிறது. விற்கப் போகும்போது இன்னொரு இடி இருக்கிறது. வாங்கும்போது காசை எண்ணி விலை சொன்னார்கள். விற்கும்போது எடை போட்டு விலை சொல்வார்கள். உருக்கினால் வரும் கழிவு, சுத்தம் செய்யும் செலவு, கடைக்காரர் லாபம் எல்லாவற்றையும் கழிப்பார்கள். பத்து சதவீதம் கழித்தார்கள் என்றே வையுங்கள். காசுக்கு 1,924 ரூபாய் கிடைக்கும். நீங்கள் போட்ட 2,800 திரும்பி வரவே வெள்ளி விலை ஏறத்தாழ 45 சதவீதம் ஏற வேண்டும். லாபம் அதற்குப் பிறகுதான்.

இதுவும் 50 காசும் நல்ல காசாக இருந்தால்தான். ராஜா காசில் இருக்கும் பெரிய பள்ளம் 1940. இரண்டாம் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஜனங்கள் ரூபாயைச் செலவழிக்காமல் பானையில் போட்டுப் பதுக்கினார்கள். அரசு மாற்றைப் பாதியாகக் குறைத்தது: வெள்ளி 50 சதவீதம், செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. அப்படியும் போதாமல் அமெரிக்கா 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்குக் கடனாகக் கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கடனை அடைக்க, இதே பாதி வெள்ளிக் காசுகளைத் திரும்பப் பெற்று, கல்கத்தா அலிப்பூரில் அதற்கென்றே ஓர் ஆலை கட்டி, நான்கு உலோகங்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து 1957-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அரசாங்கத்துக்கே ஆலை தேவைப்பட்ட வேலை அது. ஆகவே 1940-களின் காசை நீட்டினால் பட்டறைக்காரர் முகம் சுளிப்பதில் தப்பில்லை.

இந்த வித்தியாசம் தராசில் தெரியாது. இரண்டு காசும் 11.66 கிராம்தான். காந்தத்திலும் தெரியாது; இரண்டும் ஒட்டாது. ஆண்டைப் படித்தால்தான் தெரியும். 1938 என்று போட்ட ஆறாம் ஜார்ஜ் காசில் 10.69 கிராம் வெள்ளி. 1944 என்று போட்ட அதே ஆறாம் ஜார்ஜ் காசில் 5.83 கிராம். 200 ரூபாய் விலையில் ஒரு காசுக்கு 972 ரூபாய் வித்தியாசம். ஐம்பதில் பத்து இப்படிக் கலந்திருந்தால் இன்னும் 9,720 ரூபாய் போயிற்று.

1947-இல் வந்த ரூபாய் நிக்கல். புலி உருவம் உள்ள 1947 ரூபாயையும், 1964-இல் வந்த நேரு ரூபாயையும் வெள்ளி என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இரண்டிலும் வெள்ளி துளியும் இல்லை. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கும் காந்தப் பொம்மையை எடுத்துப் போனாலே போதும், பட்டென்று ஒட்டிக்கொள்ளும். ராமர் பட்டாபிஷேகம் பொறித்து ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி’ என்று எழுதிய காசு வந்தால் கும்பிட்டு விட்டு நகருங்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. ‘அரிசியை இழுக்கும் காசு’, ‘இரிடியம்’ என்று யாராவது பேச்செடுத்தால் நகர்ந்தால் மட்டும் போதாது, காவல் நிலையத்திலும் சொல்லுங்கள்.

“வெள்ளி ஏறிக்கிட்டே போவுது” என்பதையும் பார்ப்போம். 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. இரண்டே மாதத்தில் 11 டாலருக்கு விழுந்தது. 2011 ஏப்ரலில் மறுபடி 50-ஐத் தொடப் போய் மறுபடி சரிந்தது. அந்த 50 டாலரைத் தாண்டியது 2025 அக்டோபரில்தான். டாலர் கணக்கில் 1980 உச்சத்தில் வாங்கியவர் 45 ஆண்டு காத்திருந்தார். இடையில் ரூபாயின் மதிப்பு இறங்கியதால் நம் ஊர்க்காரருக்கு அடி அவ்வளவு பலமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அடுத்த விதைப்புக்குத் தேவைப்படும் பணத்தை இப்படிப்பட்ட பொருளில் போடக் கூடாது.

விதை, உரம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் போக உண்மையிலேயே மிஞ்சுகிற பணம் என்றால் வெள்ளியில் கொஞ்சம் போடலாம். அதற்கு நேரான வழிகள் இருக்கின்றன. நகைக்கடையில் 999 மாற்றுக் கட்டி வாங்கினால் 3 சதவீத ஜிஎஸ்டி உண்டு, ரசீதும் உண்டு. டீமேட் கணக்கு இருந்தால் 2022 முதல் கிடைக்கும் வெள்ளி இடிஎஃப் வாங்கலாம். மாற்றைப் பற்றியும் களவைப் பற்றியும் கவலை இல்லை. எதை வாங்கினாலும், “இதையே நாளைக்கு நான் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?” என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

இனி சுருக்குப் பை.

பதினெட்டையும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்புங்கள். திருநீறு, புளி, பல்பொடி எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். கறுப்பு ஏறிய பழைய காசைத்தான் சேகரிப்பவர் தேடுவார். பளபளவென்று தேய்த்த காசுக்கு விலையைக் குறைப்பார். ஆண்டு வாரியாகப் பிரியுங்கள். 1911 ஐந்தாம் ஜார்ஜ் காசு இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். மன்னர் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அரசு அதைத் திரும்பப் பெற்று, துதிக்கை தெளிவாகத் தெரியும்படி மறுவருடம் மாற்றியது. 1939 ரூபாயும் அரியது. பாரசீக எழுத்துள்ள ஆற்காடு ரூபாய் இருந்தால், பிறை முத்திரை புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் அடித்ததையும், தாமரை முத்திரை ஆங்கிலேயர் அடித்ததையும் காட்டும். இவற்றை உருக்குவது ஏட்டைக் கிழித்து அடுப்பெரிப்பது போல. மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசுக்கு மட்டும் உலோக விலைதான்.

சட்டத்திலும் இரண்டு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நூறு ஆண்டு தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பக் கூடாது. மண் தோண்டும்போது காசு கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். “பூஜையில் வைத்த காசுதானே, வரி எதற்கு?” என்றும் கேட்காதீர்கள். ஓர் அரச குடும்பம் மகாலட்சுமி பூஜையில் வைத்த பவுன், வெள்ளி ரூபாய், வெள்ளிக் கட்டிகளை விற்றபோது, அவை சொந்த உபயோகப் பொருள் ஆகாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போதைய விதிப்படி இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வெள்ளியை விற்று வரும் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. ஆயா வைத்திருந்த காலமும் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பதினெட்டையும் ஒன்றாக நிறுத்துப் பாருங்கள். புதிதாக இருந்தபோது 209.9 கிராம், ஆறு பலம். இப்போது சில கிராம் குறைந்திருக்கும். சந்தையிலும் சுருக்குப் பையிலும் உரசி உரசித் தேய்ந்த வெள்ளி அது. விற்கும்போது அந்தத் தேய்மானத்தையும் கழித்துத்தான் காசு தருவார்கள் என்பதால், விற்பதென்றால் எண்ணிக் கொடுக்காமல் எடை பார்த்து, இரண்டு கடையில் விலை கேட்டுக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால் மூன்றை மட்டுமாவது விற்காமல் வைத்திருங்கள். அடுத்த பௌர்ணமிக்கு யாராவது துணி விரித்துக் கூப்பிட்டால், அவர் நீட்டும் மூன்று காசை ஒரு தட்டிலும் ஆயாவின் மூன்று காசை மறு தட்டிலும் வைத்து, பிறகு ஆண்டைப் படியுங்கள். சுக்குக்கு ஏமாறாத தராசும் காசுக்கு ஏமாறும்; ஆண்டைப் படித்த கண் ஏமாறாது.