பேஸ் கிட்டார்: காசு எங்கே, ஒலி எங்கே?

பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்களும் வாங்கிவிட்டுத் தலையைச் சொறிகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். எல்லாம் இரண்டே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: ஹம்பக்கர் பிக்கப், உடம்பின் மேல்பூச்சு.

கேள்வி: முதல் பேஸ் வாங்கப் போகிறேன். கடையில் இரண்டு பிடித்திருக்கிறது. ஒன்றில் பிரிட்ஜை ஒட்டிப் பெரிய ஹம்பக்கர் ஒன்று, மேட் ஃபினிஷ். மற்றது பி-பேஸ் வகை, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. "ஹம்பக்கரில் இரைச்சலே வராது, மேட் ஃபினிஷில் மரம் நன்றாகப் பேசும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (கோவை மாணவர்)

பதில்: இரைச்சலைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் அதை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பிக்கப்புக்குள் இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும். எஃகுக் கம்பி அதன்மேல் அதிரும்போது காயிலில் மின்னோட்டம் பிறக்கிறது. கூடவே சுற்றுப்புறத்து மின் இரைச்சலையும் அந்தக் காயில் வாங்கிக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரைச்சல் அந்த 50-லும் அதன் மடங்குகளான 100, 150-லும் வரும். பேஸ்காரருக்கு இது கூடுதல் தலைவலி. தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று ஆம்பில் பேஸை இறக்கினால், வாசிப்பதும் சேர்ந்தே இறங்கிவிடும்.

கிப்ஸன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் இதற்குக் கண்டுபிடித்த வழிக்கு 1955-ல் காப்புரிமை கேட்டார். காயில்கள் இரண்டு. ஒன்றில் சுற்றும் திசையும் காந்த முனையும் மற்றதற்கு நேர் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தம் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். சுற்றும் திசை மட்டும் எதிராக இருப்பதால் இரண்டு காயிலின் இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கம்பியின் அதிர்வோ இரண்டு எதிர்களையும் சந்திக்கிறது. எதிருக்கு எதிர் நேர் ஆகி, ஒலி கூடிக்கொள்கிறது.

இப்போது உங்கள் பி-பேஸைப் பாருங்கள். பிக்கப் இரண்டு துண்டாக, ஒன்று தள்ளி ஒன்றாக இருக்கும். ஃபெண்டர் 1957-ல் கொண்டுவந்த அந்த அமைப்பும் இதே தந்திரம்தான்: ஒரு துண்டு இரண்டு கம்பிகளுக்கு, மற்றது மீதி இரண்டுக்கு, திசையும் முனையும் எதிரெதிர். ஆகவே கடையில் நீங்கள் பார்த்த இரண்டுமே இரைச்சலை அடக்குபவை. 1960-ல் வந்த ஜாஸ் பேஸ் வகையில்தான் கவனம் தேவை. அதில் இரண்டு சிங்கிள் காயில். இரண்டு வால்யூமும் சமமாக இருக்கும்வரை அமைதி. ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் எட்டிப்பார்க்கும்.

மேட் ஃபினிஷ் பற்றிக் கீழே வருகிறேன். இப்போதைக்கு அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஹம்பக்கர் பேஸ் என்றால் கனமான, மந்தமான ஒலிதான் வரும் என்கிறார் என் ஆசிரியர். என் நண்பரின் ஹம்பக்கர் பேஸோ கத்தி மாதிரி வெட்டுகிறது. யார் சொல்வது சரி? (திருச்சி)

பதில்: இருவரும் தாங்கள் கேட்டதைச் சொல்கிறார்கள். ஹம்பக்கர் என்பது இரைச்சலை அடக்கும் முறை. அதற்கென்று ஒரு ஒலி கிடையாது.

க்ரீம் குழுவில் ஜாக் புரூஸ் வாசித்த கிப்ஸன் ஈபி-3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெரிய ஹம்பக்கர் நெக் முடியும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே கம்பி அகலமாக ஆடும், அடிச்சுரம் ஓங்கி ஒலிக்கும். காயிலில் சுற்றும் மிக அதிகம். சுற்று கூடக்கூட ஒலியின் உச்சப் பகுதி மங்கும். உங்கள் ஆசிரியர் சொல்லும் மந்தம் இதுதான்.

மறுபக்கம் மியூசிக் மேன் ஸ்டிங்ரே. ஃபெண்டரை விற்றுவிட்டு வந்த லியோ ஃபெண்டர் பங்கெடுத்து, 1976-ல் வெளிவந்தது. அதிலும் ஒரே ஒரு ஹம்பக்கர்தான். ஆனால் அது பிரிட்ஜ் பக்கம் தள்ளி இருக்கிறது, இரண்டு காயிலும் பேரலலாக இணைந்திருக்கின்றன, பின்னால் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் ஒன்று. ஷீக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்ததைக் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழும். உங்கள் நண்பரின் கத்தி இந்தப் பட்டறையில் தீட்டியது.

இரண்டும் ஹம்பக்கர்தான். பிக்கப் எங்கே இருக்கிறது, எத்தனை சுற்று, எப்படி இணைத்திருக்கிறார்கள் என்ற மூன்றைக் கேட்காமல் ஹம்பக்கரை எடை போட முடியாது.

கேள்வி: என் பேஸில் மூன்று நிலை சுவிட்ச் ஒன்று இருக்கிறது: சீரீஸ், சிங்கிள், பேரலல். எதை எப்போது போடுவது? (யாழ்ப்பாணம்)

பதில்: ஒவ்வொரு காயிலும் 8 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். சீரீஸில் ஒன்றின் வால் மற்றதன் தலையில் இணைகிறது, மொத்தம் 16. ஒலி பெரியது, நடுப்பகுதி புடைத்து நிற்கும், உச்சம் குறையும். டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் இரையும் மேடையில் காணாமல் போகாமல் இருக்க இது நல்லது. பேரலலில் மொத்தம் 4. சத்தம் குறையும், தெளிவு கூடும். ஸ்லாப் வாசிக்கவும், ஸ்டுடியோவில் நேராகப் பதியவும் இதைப் போடுங்கள். சிங்கிளில் ஒரு காயில்தான் வேலை செய்கிறது. இழை பிரிந்தாற்போன்ற துல்லியம் வரும், கூடவே விலகியிருந்த இரைச்சலும் திரும்பி வரும்.

மூன்றையும் ஒப்பிடும்போது வால்யூமைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். சத்தம் கூடியதைக் காது "நன்றாக இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டுவிடும். கடையில் பல பேர் சீரீஸில் மயங்கி வாங்குவது இதனால்தான்.

கேள்வி: ஐந்து கம்பி பேஸ் ஒன்றில் சோப்புக் கட்டி மாதிரிக் கறுப்பு மூடி போட்ட பிக்கப். அது ஹம்பக்கரா? (சேலம்)

பதில்: மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சோப்பார் என்பது வெளி வடிவம் மட்டும்; உள்ளே சிங்கிள் காயிலும் இருக்கலாம், பி-பேஸ் போலப் பிரிந்த காயிலும் இருக்கலாம், இரட்டைக் காயிலும் இருக்கலாம். வால்யூமை மிகக் குறைத்து வைத்து, எஃகு ஸ்க்ரூடிரைவர் நுனியால் மூடியின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். எங்கே "டொக்" என்று பலமாகக் கேட்கிறதோ அங்கே காயில் இருக்கிறது. ஒரு பிக்கப்பின் வால்யூமை மட்டும் திறந்து, டிரான்ஸ்ஃபார்மரோ லைட் டிம்மரோ இருக்கும் பக்கம் கிட்டாரைத் திருப்பிப் பாருங்கள். இரைச்சல் ஏறி இறங்கினால் சிங்கிள் காயில்.

கேள்வி: நைட்ரோ பூச்சில் மரம் மூச்சு விடும், பாலியஸ்டர் அதை பிளாஸ்டிக்கில் மூடிவிடும் என்கிறார்கள். நைட்ரோவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? (சென்னை)

பதில்: வெட்டிக் காயவைத்த மரம் மூச்சு விடுவதில்லை. ஈரத்தை வாங்கும், விடும், அவ்வளவுதான். அது நெக்குக்கு நல்லதும் அல்ல.

இந்த நம்பிக்கை ஒலி கிட்டாரிலிருந்து வந்தது. அங்கே மெல்லிய மேல்பலகை அதிர்ந்துதான் ஒலி வருகிறது. அதன்மேல் தடித்த பூச்சு சுமைதான். பேஸிலோ உடம்பு ஒன்றரை அங்குலத்துக்கும் கூடுதலான தடிமன் உள்ள கட்டை. ஒலியை எடுப்பது காந்தமும் காயிலும். அந்தக் கட்டையின்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பூச்சு, மேட் ஆனாலும் பளபளப்பு ஆனாலும், செய்யும் மாற்றத்தை மேடையில் யாராலும் கேட்க முடியாது. ஒரே மாடலில் இரண்டு பேஸ் எடுத்தாலே மரத்தின் எடை வேறுபடும். பழைய கம்பிக்கும் புதுக் கம்பிக்கும் உள்ள ஒலி வேறுபாடு அதைவிடப் பெரிது.

நைட்ரோவுக்குப் பின்னால் இருப்பது வரலாறு. 1950, 60-களில் ஃபெண்டர் அடித்தது கார் பெயிண்ட்: டூபான் நிறுவனத்தின் டக்கோ நைட்ரோசெல்லுலோஸ், லூசைட் அக்ரிலிக். நம் ஊர் கார் பட்டறைகளிலும் தச்சர்களிடமும் புழங்கும் அதே டக்கோதான். 1960-களின் இறுதியில் தொழிற்சாலை பாலியஸ்டர் பக்கம் போனது; சீக்கிரம் காயும், தடிப்பாக நிற்கும், வேலை மிச்சம். பழைய கிட்டார்களின் மேல் இருந்த மோகம் அவற்றின் பூச்சுக்கும் சேர்ந்து விலை வைத்துவிட்டது.

நைட்ரோ மெல்லியது, அழகாக மஞ்சளாகும், தேய்ந்த இடத்தில் மரம் எட்டிப்பார்க்கும். ஆனால் வெயிலில் நின்ற காரிலிருந்து நேராக ஏசி அரங்குக்கு எடுத்துப் போனால் மெல்லிய வெடிப்புகள் விழும். மலிவான ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடம் இளகி ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டருக்கு இந்தக் கவலை இல்லை; பலமாக இடித்தால் சில்லாகப் பெயரும், அவ்வளவே. தோற்றத்துக்காக நைட்ரோ வாங்குங்கள், தாராளமாக. ஒலிக்காக வாங்காதீர்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் நெக்கின் பின்புறம் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா? (நாகப்பட்டினம்)

பதில்: பூச்சு உண்மையிலேயே முக்கியமாகும் இடம் இதுதான். உடம்பின் பூச்சைக் கண் பார்க்கிறது. நெக்கின் பூச்சோடு கை தினமும் வாழ்கிறது.

பூச்சை முழுக்க எடுத்துவிடாதீர்கள். கடற்கரை ஊரில் பூச்சில்லாத மரம் ஈரத்தை வாங்கி வளையும். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். பளபளப்பை மட்டும் மங்கச் செய்தால் போதும். 1500 எண் வாட்டர் பேப்பரோ, பாத்திரம் தேய்க்கும் நாரில் மிக மெல்லியதோ எடுத்து, நீளவாக்கில் மெதுவாக ஓட்டுங்கள். பேர் பொறித்த தலைப்பக்கத்தைத் தொடாதீர்கள். கொஞ்ச மாதத்தில் கை தேய்த்துத் தேய்த்து மறுபடி பளபளக்கும், மறுபடி ஓட்டலாம்.

ஸ்டீல் உல் போடுபவர்கள் முதலில் பிக்கப்பை டேப்பால் முழுக்க மூடுங்கள். அதன் பொடி காந்தத்தில் ஏறிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: பூச்சு ஒலியை மாற்றவே மாற்றாதா? (மதுரை)

பதில்: ஒரு இடத்தில் மாற்றும்: கம்பி நேராகத் தொடும் இடத்தில். ஃபிரெட் இல்லாத பேஸில் கம்பி விரல்பலகையின் மேலேயே அழுந்துகிறது. ஜாக்கோ பஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸின் விரல்பலகையில் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். சுருள் சுற்றிய கம்பிகள் ரோஸ்வுட்டை அரித்துவிடாமல் அது காத்தது. அந்தக் கடினமான பரப்பு சுரத்துக்கு நீண்ட, பாடுகிற குரலையும் கொடுத்தது. 1976-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் கேட்கலாம்.

கேள்வி: கறுப்பு வாங்கலாமா, சன்பர்ஸ்ட் வாங்கலாமா? (ஈரோடு)

பதில்: மனசுக்குப் பிடித்ததை. ஒரு சூட்சுமம்: சன்பர்ஸ்ட்டில் மரத்தின் வரி தெரியும், அதனால் துண்டுகளைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். கறுப்புக்குக் கீழே ஐந்து துண்டு ஒட்டியிருந்தாலும் தெரியாது. ஒலி கெடாது, ஆனால் விலை பேசும்போது நினைவில் வையுங்கள். நிறத்துக்குப் பணம் வாங்குவது பழைய வழக்கம்தான். 60-களில் ஃபெண்டர் தனி நிறத்துக்கு 5 சதவீதம் கூடுதலாக வாங்கியது.

கேள்வி: ஹம்பக்கர்தான், ஆனாலும் இரைகிறது. ஏன்? (கொழும்பு)

பதில்: கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? அப்படியானால் கிட்டாரின் எர்த் இணைப்பு இருக்கிறது. உள்குழியில் செம்புத் தகடு ஒட்டினால் இன்னும் அடங்கும். தொட்டால் கூடினால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது அல்லது மாறியிருக்கிறது. ப்ளக்கின் எர்த் முனையை எடுத்துவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எர்த் போன ஆம்பில் செருகிய கிட்டாரின் கம்பியைப் பிடிப்பது உயிரோடு விளையாடுவது.

கேள்வி: பேஸ் வாங்கியபின் கையில் ஐயாயிரம் ரூபாய் மிச்சம். புது ஹம்பக்கர் போடலாமா? (தஞ்சாவூர்)

பதில்: இப்போதே வேண்டாம். முதலில் நல்ல கம்பி ஒரு செட் போட்டு, நெக் வளைவையும் கம்பி உயரத்தையும் சரி செய்துகொள்ளுங்கள். பிறகு பிக்கப்பின் உயரத்தைத் திருகிப் பாருங்கள். செலவே இல்லாத இந்த வேலை பல பேருக்குப் புது பிக்கப் வாங்கியதுபோல இருக்கும். மிக அருகில் வைத்தால் காந்தம் கம்பியை இழுத்துச் சுரத்தைப் பிசகடிக்கும்.

மோட்டவுன் பாடல்களின் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பி-பேஸில் எதையும் மாற்றிப் போடவில்லை. தட்டைச் சுற்றுக் கம்பிகளை அறுந்தாலன்றி மாற்ற மாட்டார். வலது கையில் சுட்டுவிரல் ஒன்றால்தான் மீட்டுவார். நீங்களும் ஆறு மாதம் வாசித்தபின், "இந்த இடத்தில் எனக்கு இது போதவில்லை" என்று குறிப்பிட்டுச் சொல்ல முடிந்தால் எழுதுங்கள். அப்போது எந்தப் பிக்கப் என்று பேசலாம்.