எந்த சப்வூஃபரை வாங்குவது?

கேள்வி: சினிமாவும் சங்கீதமும் கேட்க எஸ்விஎஸ் உசிதமா, ரெல் உசிதமா? எங்கள் அறை 14 அடிக்கு 11 அடி.
– ஒரு வாசகர், கே.கே. நகர், மதுரை.

பதில்: அமெரிக்காவின் எஸ்விஎஸ், பிரிட்டனின் ரெல் ஆகிய இரண்டுமே கீர்த்தி பெற்ற ஸ்தாபனங்கள்தாம், ஆயினும் பெயரைக் காட்டிலும் பெட்டியின் அமைப்பே பிரதானம் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். காற்றுத் துவாரம் உள்ள பெட்டி, திரைப்படத்தின் இடிமுழக்கத்தை 20 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்து கம்பீரமாக எழுப்பும். துவாரமின்றி மூடிய பெட்டியோ, மிருதங்கத்தின் தொப்பியில் பிறக்கும் கும்காரம் எந்த க்ஷணத்தில் தொடங்கி எந்த க்ஷணத்தில் அடங்குகிறதோ, அதைக் குழப்பாமல் தரும். எஸ்விஎஸ்ஸின் பிபி வரிசை முன்னதைச் சேர்ந்தது. எஸ்பி வரிசை பின்னதை. ரெல்லின் டி/5எக்ஸும் மூடிய பெட்டியே. ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே இணைப்பு எடுத்துக்கொள்வதால், ஸ்டீரியோ சங்கீதத்துக்கு அது விசேஷமாகப் பொருந்தும்.

இவற்றினும் முக்கியமானது அறை. கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் கொண்ட நம் ஊர் வீடுகளில், 14 அடி நீளத்துக்குச் சுமார் 40 ஹெர்ட்ஸ் ஒலி சுவர்களுக்கிடையே தேங்கி, ஓரிடத்தில் அதிர்ந்தும் மற்றோரிடத்தில் மறைந்தும் போகும். ஆகவே சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, ஒரே பாட்டை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து வந்து, நாதம் சமமாகக் கேட்கும் இடத்தில் பெட்டியை ஸ்தாபியுங்கள். ரிசீவரில் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

உங்கள் அறை சிறியதாகையால், அதற்கு மூடிய பெட்டியே உத்தமம்: சினிமா மிகுதியெனில் எஸ்விஎஸ் எஸ்பி, கச்சேரி மிகுதியெனில் ரெல். பழுதுபார்க்கும் வசதி மதுரையிலேயே உண்டா என்பதை எழுத்து மூலம் உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.