காளானும் காமிராவும்: கறுப்பு வெள்ளையில் ஒரு பாடம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் முகமே மாறிவிடுகிறது. முல்லைப் பெரியாற்றின் இரு கரைகளிலும் வரப்பு, வைக்கோற்போர், பட்டுப்போன மரம், கரையான் புற்று என்று எங்கும் காளான்கள் தலைகாட்டுகின்றன. ‘இடி இடித்தால் காளான் முளைக்கும்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் இடியோடு வரும் மழையின் ஈரமே காரணம். மண்ணிலும் மரத்திலும் நூல் நூலாகப் பரவியிருக்கும் பூசண இழைகளே காளானின் உடல். நாம் பார்க்கும் குடை, வித்துக்களைப் பரப்புவதற்காக அது வெளியே அனுப்பும் உறுப்பு. பல குடைகள் ஓரிரு நாளில் அழுகிவிடும். அதற்குள் படம் எடுத்து வைத்தால் பின்னர் அமைதியாக ஆராயலாம்.

கைபேசியில் நொடிப்பொழுதில் வண்ணப்படம் கிடைக்கும்போது கறுப்பு வெள்ளை பிலிம் எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரு சுருளில் 36 படங்கள்தாம். ஆகவே ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒளியியலும் வேதியியலும் அடங்கியிருக்கின்றன.

பிலிமில் நடப்பது என்ன?

பிலிமின் மேல் ஜெலட்டினில் கலந்த வெள்ளி புரோமைடு படிகங்கள் பூசப்பட்டுள்ளன. ஒளி பட்ட படிகங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாறுதல் ஏற்படுகிறது. டெவலப்பர் கரைசல் அந்தப் படிகங்களை மட்டும் கரிய வெள்ளித் துகள்களாக மாற்றுகிறது. ஒளி படாத படிகங்களை ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், கரைத்து வெளியேற்றுகிறது. எனவே நெகட்டிவில் வெள்ளைக் காளான் கறுப்பாகவும் கரிய மண் வெளிறியும் தெரியும். அச்சிடும்போது இது மீண்டும் தலைகீழாகி உண்மைத் தோற்றம் கிடைக்கிறது.

இத்தகைய பிலிமை நம் தமிழ்நாடே ஒரு காலத்தில் செய்தது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆலை இன்று இல்லை. ஆனால் கறுப்பு வெள்ளை பிலிம் வெளிநாடுகளில் இன்னும் தயாராகிறது.

வெளிச்சக் கணக்கு

காளான் நிற்கும் இடம் பெரும்பாலும் நிழல். காமிராவை முக்காலியில் பொருத்துங்கள். குடையும் காம்பும் ஒருசேரத் தெளிவாக விழ, லென்ஸின் துளையை எப் 11 அளவுக்குச் சுருக்குங்கள். ஒளி குறையும் என்பதால் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிறு பொருளைப் பெரிதாக எடுக்க லென்ஸைப் பிலிமிலிருந்து விலக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸ், தொலைவிலுள்ள மலையைப் படம் பிடிக்கையில் பிலிமிலிருந்து 50 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும். காளானைப் பிலிமில் அதன் இயல்பான அளவிலேயே விழச் செய்ய, தூரம் 100 மில்லிமீட்டர் ஆக வேண்டும். தூரம் 2 மடங்கானால் அதே ஒளி 4 மடங்கு பரப்பில் விரிகிறது. கையில் பிடிக்கும் ஒளிமானி கால் வினாடி என்று காட்டினால் நீங்கள் கொடுக்க வேண்டியது 1 வினாடி. உருப்பெருக்கத்துடன் 1-ஐக் கூட்டி வர்க்கப்படுத்தினால் எத்தனை மடங்கு நேரம் என்பது கிடைத்துவிடும். லென்ஸ் வழியாகவே ஒளியை அளக்கும் காமிராக்களில் இத்திருத்தம் தானாகவே சேர்ந்துவிடும்.

குடையின் அடியிலுள்ள மடல்களைக் காணக் காளானைப் பிடுங்க வேண்டாம். சிறு முகம் பார்க்கும் கண்ணாடியை அடியில் சாய்த்து வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் படம் எடுங்கள்.

நிறங்கள் சாம்பலாகும்போது

தென்னையின் அடித்தண்டழுகல் நோய்க்குக் காரணமான கேனோடெர்மா காளான் செம்பழுப்பு நிறம். சுற்றிலும் பச்சைப் புல். கண்ணுக்கு இரண்டும் தெளிவாக வேறுபடுகின்றன. கறுப்பு வெள்ளையிலோ இரண்டும் ஒரே சாம்பலாகி ஒன்றில் ஒன்று மறையலாம். லென்ஸின் முன் சிவப்பு வடிகட்டி வைத்தால் சிவப்பொளி கடந்து செல்லும், பச்சை தடுக்கப்படும். காளான் வெளிறியும் புல் கறுத்தும் பிரிந்து நிற்கும். வடிகட்டி ஒளியைக் குறைப்பதால் நேரத்தைக் கூட்ட மறவாதீர்கள்.

படம் சொல்லாத செய்தி

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். புற்றுக்காளானை நம் பகுதியில் விரும்பி உண்பார்கள். கரையான்கள் தம் புற்றுக்குள் வளர்க்கும் பூசணத்திலிருந்து எழுவது அது. அதன் காம்பு வேர்போல நீண்டு புற்றின் ஆழம்வரை செல்லும். புல்வெளிகளில் மழைக்குப்பின் தோன்றும் குளோரோபில்லம் மாலிப்டைட்டஸ் என்ற காளானும் வெள்ளைக் குடை விரித்து நிற்கும். இது நஞ்சு, தின்றால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். முதிர்ந்தபின் இதன் மடல்கள் பச்சை சாயலடையும். இளம் பருவத்தில் அவையும் வெள்ளையே. கறுப்பு வெள்ளைப் படத்திலோ அந்தப் பச்சையும் வெறும் சாம்பல்தான். எச்சரிக்கை தர வேண்டிய அந்த ஒரே நிறத்தைப் பிலிம் விழுங்கிவிடுகிறது!

ஆகவே படத்தோடு குறிப்பேடும் வேண்டும். நிறம், மணம், முளைத்த இடம், நாள், காம்பின் அடிப்பகுதி ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். அளவு தெரிய அருகில் அளவுகோல் ஒன்றை வைத்து எடுங்கள். இவ்வளவு செய்தபின்னும், படத்தை மட்டும் நம்பி எந்தக் காட்டுக்காளானையும் உண்ணக் கூடாது. பூச்சி அரித்த காளான் நஞ்சற்றது என்பது தவறான நம்பிக்கை. பல காளான் நஞ்சுகள் சமைத்தாலும் அழிவதில்லை. சிலவற்றின் நஞ்சு 6 மணி நேரத்துக்குப் பின்னரே தன் வேலையைக் காட்டி, கல்லீரலைச் சிதைத்துவிடும்.

மேகமலைக் காடுகள் 2021 முதல் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே செல்லாதீர்கள். உங்கள் ஊர் வரப்பிலேயே வேண்டிய காளான்கள் உண்டு.

செய்து பாருங்கள்

1. விரிந்த காளானின் குடையை மட்டும் வெட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் மடல்கள் கீழே இருக்கும்படி வையுங்கள். ஒரு கிண்ணத்தால் மூடி, மறுநாள் எடுத்தால் வித்துக்கள் கோலம்போல் படிந்திருக்கும். அவற்றின் நிறத்தைக் குறித்துக்கொண்டு படம் எடுங்கள். பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள்.

2. காளானின் உருவம் பிலிமில் அதன் பாதி அளவில் விழ வேண்டும். கையிலுள்ள ஒளிமானி கால் வினாடி காட்டுகிறது. எவ்வளவு நேரம் கொடுப்பீர்கள்?

விடை: ஒன்றரையின் வர்க்கம் 2.25. ஆகவே சுமார் அரை வினாடி.