லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் முத்திரைகள்

கேள்வி: பழைய லீ-என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கியின் முத்திரைகள் எவற்றைச் சொல்கின்றன? அதன் மதிப்பு எதைப் பொறுத்தது?

பதில்: முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் ஏந்திய மாதிரியில், மரப்பிடி உலோக உடலுடன் சேருமிடத்தின் வலப்புறத்தில் கிரீடமும், மன்னரின் பெயரெழுத்துகளும், ஆலையின் பெயரும், ஆண்டும், மாதிரிக் குறியும் பொறிக்கப்பட்டிருக்கும். வங்காளத்தின் இச்சாப்பூர் ஆலை, இந்தியா குடியரசான பின்னர், கிரீடத்துக்குப் பதிலாக அசோகச் சிங்கங்களைப் பொறித்தது. விலையை நிர்ணயிப்பதில் ஆண்டைவிடத் தொடர் எண்ணுக்கே பெரும்பாலும் மதிப்பு அதிகம். உடலிலும், தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் ‘போல்ட்’ என்ற பாகத்திலும் ஒரே எண் இருந்தால், அவை பிரியாத இணை என்று சேகரிப்போர் கருதிக் கூடுதல் விலை தருவர். ‘டிபி’ என்ற குறியோ, அத்துப்பாக்கி சுடுவதற்கன்றி அணிவகுப்புப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டதைக் காட்டுவதால் விலையைக் குறைக்கும். பளபளப்புக்காக உலோகத்தைத் தேய்த்து முத்திரைகளை மழுங்கடிப்பது, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், மதிப்பை அழிக்கும் வேலையே.