ஒரே பட்டியல், இரு வேறு விளைவுகள்

அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும் நோயாளியிடம் பெயர் என்ன, எந்தப் பக்கத்தில் சிகிச்சை என்று செவிலியர் கேட்பார். மயக்க மருத்துவர் மீண்டும் கேட்பார். அறுவை மருத்துவரும் அதையே கேட்பார். “எல்லாம் கோப்பில் இருக்கிறதே!” என்று உறவினர் சலித்துக்கொள்வது இயல்பே. இக்கேள்விகளுக்குப் பின்னே ஒரு பாடம் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்க மருந்து தருமுன், தோலைக் கீறுமுன், நோயாளி அரங்கைவிட்டு வெளியேறுமுன் என மும்முறை குழுவினர் நின்று சரிபார்க்க வேண்டும். புது தில்லி, டொராண்டோ உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது.

பின்னர் டொராண்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணத்தின் 101 மருத்துவமனைகளில் இப்பட்டியலின் பயன் ஆராயப்பட்டது. இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65 ஆயிற்று, தற்செயலாகவும் நேரக்கூடிய சிறு மாற்றமே அது என 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

பட்டியல் ஒன்றே, விளைவு ஏன் வேறாயிற்று? விளக்கங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. கடிகாரத்தில் ஒரு சக்கரத்தை மாற்றினால் விளைவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். மருத்துவமனையோ ஒருவர் செயலுக்கேற்ப மற்றவர் மாறும் மனிதர்களின் கூட்டமைப்பு. ஓரிடத்தில் அப்பட்டியல், இளம் செவிலியர் ஒருவர் மூத்த மருத்துவரிடம் “சற்றுப் பொறுங்கள்” என்று சொல்லும் துணிவைத் தரும். வேறோரிடத்தில் யாரும் செவிமடுக்காமல் குறியிடப்படும் காகிதமாகிவிடும்.

ஆகவே நிர்வாகத்தின் கடமை ஆணை பிறப்பிப்பதோடு முடிவதில்லை. அந்த ஆணை பணியிடத்தில் எவ்வாறு நடைமுறையாகிறது என்று நேரில் காண வேண்டும். பணிபுரிவோரைக் கேட்க வேண்டும். சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும்.

இக்கூட்டமைப்பில் நீங்களும் ஓர் அங்கம். கேட்கும்போது தலையசைப்பதோடு நில்லாமல், பெயரையும் சிகிச்சை செய்ய வேண்டிய இடத்தையும் உங்கள் வாயாலேயே கூறுங்கள். ஒவ்வாமையையும், உட்கொள்ளும் மருந்துகளையும் தெரிவியுங்கள். எவரும் கேளாவிடில், நீங்களே கேளுங்கள். அது குறுக்கீடு அன்று. பாதுகாப்பின் ஒரு பகுதி.