இந்த வயசுல எதுக்கு?

வேத பாடம்: 2 தீமோத்தேயு 1:5, 3:14, 15, 4:13



எங்க ஆயாவைப் பற்றிச் சொல்லி ஆரம்பிக்கிறேன். அது அவர்களுக்குச் சாட்சி. எனக்கோ பாவ அறிக்கை. நம்ம சேவூரில் தறி வீட்டில் பிறந்து, தறி வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள். ராட்டையில் தார் சுற்றியே காலம் போயிற்று. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் ஞாயிறு ஆராதனையில் வாசித்த வேத பகுதியை, வீட்டுக்கு வந்ததும் என்னைத் திரும்ப வாசிக்கச் சொல்வார்கள். மூன்று தரம் கேட்டால் மனப்பாடம்!

ஒரு நாள் வேதப் புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஒவ்வொரு எழுத்தா எனக்கும் சொல்லிக் குடு கண்ணு" என்றார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. "போ ஆயா, இந்த வயசுல எதுக்கு?" என்று சொல்லி விளையாட ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு ஆயா கேட்கவேயில்லை. பிற்காலத்தில் வேதாகமக் கல்லூரியில் படித்து டிப்ளமோ வாங்கினேன். அதைப் பார்க்க ஆயா உயிரோடில்லை.

நான் கேட்ட அந்தக் கேள்விக்குக் கேரளாவில் ஒரு பாட்டி பதில் சொன்னார்கள். ஆலப்புழை மாவட்டம், சேப்பாட்டைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா. கோயில்களைக் கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். தன் மகள் அறுபது வயதளவில் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வில் தேறியதைப் பார்த்து, இவருக்கும் ஆசை வந்தது. 2018-ல் எழுத்தறிவு இயக்கத்தின் 'அட்சரலட்சம்' தேர்வை 96 வயதில் எழுதினார். 40,000-க்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கி முதலிடம்! 2020 மார்ச்சில் ஜனாதிபதி கையால் 'நாரி சக்தி' விருது பெற்றார். 2023 அக்டோபரில், 101-ஆம் வயதில் காலமானார். நூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்த அந்த ஆயுளில் எழுத்தோடு வாழ்ந்தது கடைசி ஐந்தாறு வருஷம்தான். அது வீணா? இல்லவே இல்லை.

இதிலிருந்து மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்வோம்.

1. கற்பதற்கு முடிவு வயது கிடையாது. பவுல் அப்போஸ்தலன் சிறையில் இருக்கிறார். தன் முடிவு நெருங்கிவிட்டது என்று அவரே எழுதுகிறார். அப்போது தீமோத்தேயுவிடம் என்ன கேட்டார்? குளிருக்கு மேலங்கி, அதோடு புஸ்தகங்கள், தோற்சுருள்கள். சாகப்போகிறவருக்குப் புஸ்தகம் எதுக்கு என்று நாம் கேட்போமா?

2. சிறுபிள்ளையும் ஆசிரியராகலாம். லோவிசாள் பாட்டியிடம் இருந்த விசுவாசம் பேரனாகிய தீமோத்தேயுவிடமும் காணப்பட்டது. கார்த்தியாயினி அம்மா வீட்டில் பாதை திரும்பி ஓடியது: கொள்ளுப் பேரப்பிள்ளைகள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், பாட்டி கற்றுக்கொண்டார். நான் தவறவிட்ட பாக்கியம் அதுதான்.

3. ஒவ்வொன்றாகத்தான் வரும். பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவை எப்படிச் சேர்க்கிறோம்? ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாகத்தானே பிணைக்கிறோம்! இவ்வளவு இழையா என்று மலைத்தால் புடவை உண்டாகுமா? எழுத்தும் அப்படித்தான்.

பிரியமானவர்களே, நம் சபையில் வேதப் புஸ்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிற தாய்மார் இருக்கிறார்கள். வசனம் வாசிக்கும்போது பக்கத்திலிருப்பவர் திறந்த பக்கத்தைப் பார்த்துத் திறந்து வைத்திருப்பார்கள். வெளியே சொல்ல வெட்கம். அவர்களைக் கேலி பண்ணாதீர்கள்.

வாலிபப் பிள்ளைகளே, இந்த வாரம் வீட்டில் ஒன்று செய்யுங்கள். முதலில் கண் தெரிகிறதா என்று பாருங்கள்; வேண்டுமானால் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பெரிய எழுத்து வேதாகமத்தில் 23-ஆம் சங்கீதத்தைத் திறந்து வையுங்கள். ஆயாவுக்கு அது மனப்பாடம். அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் விரலை அந்தந்த வார்த்தையின்மேல் வையுங்கள். வாய்க்குத் தெரிந்ததைக் கண் மெல்ல அடையாளம் பிடிக்கும். தினமும் பத்து நிமிஷம் போதும். அவர்கள் பேரையும் எழுதக் கற்றுக் கொடுங்கள்.

எங்க ஆயாவின் வேதப் புஸ்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. அட்டை தேய்ந்திருக்கிறது, உள்ளே ஒரு கோடுகூட இல்லை. உங்கள் வீட்டுப் புஸ்தகம் அப்படி இருக்க வேண்டாம். ஆமென்.